பழைய லாண்ட் ரோவருக்குப் புதிய விரிப்பு

புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நிலையத்தில் இறங்கி, நுவரெலியாவுக்கோ அயலிலுள்ள தோட்டங்களுக்கோ செல்வோர் அதன்பின் வீதியையே நம்ப வேண்டும். செங்குத்தான ஏற்றமும், கொண்டையூசி வளைவும், மழையிற் கரைந்த தோட்டப் பாதையும் நிறைந்த இம்மலைநாட்டில் லாண்ட் ரோவர் வண்டிக்குத் தனிமதிப்பு உண்டானதில் வியப்பில்லை. ஒருகாலத்தில் தோட்டத்துத் துரைமாருக்கும் உரமூடைகளுக்கும் உழைத்த இவ்வினத்து வண்டிகளிற் சில, அரை நூற்றாண்டைக் கடந்தும் இன்று உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட காலத்தில், கையிலுள்ள பழைய வண்டியைப் பேணுதல் பலருக்கு விருப்பமாக மட்டுமன்றிப் பிழைப்பாகவும் அமைந்தது.

இத்தகைய வண்டியைப் புதுக்க எண்ணும் சாரதி, வர்ணத்துக்கு அடுத்தபடியாக நினைப்பது தளத்து விரிப்பையே. பழைய விரிப்புக் கிழிந்து நாறுகிறது. கியர்ப்பெட்டியின் இரைச்சல் காதைத் துளைக்கிறது. தளத்தின் இடுக்குகளால் குளிர்காற்றுப் புகுந்து பயணிகளின் காலை விறைக்கச் செய்கிறது. தடித்த கம்பளம் ஒன்றை வாங்கிப் பசை தடவி ஒட்டிவிட்டால் குறை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அங்கேதான் தீங்கு தொடங்குகிறது.

அதனை விளங்கிக்கொள்ள வண்டியின் பிறப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதல் லாண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால், அதன் மேலுடல் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகட்டினால் ஆக்கப்பட்டது. செசி எனப்படும் அடிச்சட்டமும், முன்கண்ணாடியைத் தாங்கும் முன்சுவரும், அதன் கீழே கால் வைக்கும் குழியும் உருக்கினால் ஆயின. கமக்காரனின் வயலுக்கென எழுந்த அவ்வண்டியின் தளம் வெறுந் தகடாகவே இருந்தது. சேறு படிந்தால் நீர் வார்த்துக் கழுவலாம். கழுவிய நீர் வழிந்தோடும். காற்றுப் பட்டுத் தளம் உலரும்.

அத்தளத்தைக் கம்பளத்தால் மூடும்போது, உலரும் வழியையும் நாம் மூடிவிடுகிறோம். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் தங்குமாயின், மின்வேதியியல் மாற்றத்தினால் அலுமினியம் வெண்பொடியாய் உதிரத் தொடங்கும். உருக்கோ தன் பங்குக்குக் கறள் பிடிக்கும். உரமூடை ஏற்றிய வண்டியாயின் சிந்திய உரத்தின் உப்பு அவ்வீரத்திற் கரைந்து அழிவை விரைவுபடுத்தும். மேலே பார்ப்பவருக்கு அழகிய கம்பளமே தெரியும். கீழே கால்குழி இற்றுப்போயிருப்பது, ஒரு நாள் குதிக்கால் அழுந்திய இடத்தில் துளை விழும்போதே வெளிப்படும்.

ஆதலால் புதிய விரிப்பை வாங்குமுன் பழையதை முற்றாக அகற்றி, தளத்தைக் கழுவி உலர்த்தி, நீர் எவ்வழியாக வருகிறது என்று கண்டறிதல் முதற்கடமை. முன்கண்ணாடியின் கீழுள்ள காற்றுக் கதவுகளின் இறப்பர் விளிம்பு வெடித்திருக்கலாம்; கதவின் ஓரப்பட்டி தேய்ந்திருக்கலாம். அவற்றை மாற்றிய பின் கறளைச் சுரண்டி, கறள் தடுக்கும் வர்ணம் பூச வேண்டும். ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பார் உண்டோ?

இனி, எப்பொருளைத் தெரிவது? கம்பளி விரிப்பு காலுக்கு இதமானது. எனினும் ஈரத்தை உறிஞ்சி நெடுநேரம் வைத்திருக்கும். சணல் அடித்தளம் கொண்ட விரிப்பு நனைந்தால் உக்கிவிடும். கம்பளத்தின் கீழே வைக்கும் ஃபெல்ட் என்னும் அழுத்திய பஞ்சுப்படை விளக்குத்திரிபோல் நீரை இழுத்துப் பரப்பும். பொலிபுறொப்பிலீன் இழை நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை; விரைவில் உலரும். நம் நாட்டுத் தென்னந்தும்பு ஈரத்துக்கு இலகுவில் உக்காது. ஆயினும் அதனிடையே மண் இறங்கித் தங்குமாதலால், அன்றாடம் எடுத்து உதறும் சிறு மிதியடியாக மட்டும் அது பயன்படலாம். தடித்த இறப்பர் விரிப்பு இரைச்சலை அடக்கும். துடைத்தாற் சேறு போகும். நானுஓயாவின் மழைக்குச் சாரதியின் காலடியில் இறப்பரும், பயணிகளின் பக்கத்தில் செயற்கை இழை விரிப்பும் பொருத்தமானவை.

வெட்டும் வேலைக்குப் பொறுமை வேண்டும். பழைய பத்திரிகைத் தாளைத் தளத்தில் விரித்து அளவு எடுத்து, அத்தாளை விரிப்பின் பின்புறத்தில் தலைகீழாக வைத்து வரைந்து, சற்றுப் பெரிதாகவே வெட்டிப் பின் சிறிது சிறிதாகக் குறைத்தல் நலம். முழுத் தளத்துக்கும் ஒரே துண்டு போடலாகாது. இவ்வண்டியின் கியர்ப்பெட்டியைப் பழுதுபார்க்கத் தளத்தகடுகளையும் நடு மூடியையும் கழற்றுவது வழக்கம். ஒட்டிய கம்பளம் முதற் பழுதிலேயே கிழிபடும். ஆகவே இடம், வலம், நடு மூடி, பின்தளம் எனத் தனித்தனியாக வெட்டி, அமுக்குப் பொத்தான்களால் மாட்டுவதே முறை. பொத்தானுக்குத் துளையிடுமுன் கீழே குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக் குழாயும் மின்கம்பியும் அடிச்சட்டத்தை ஒட்டிச் செல்கின்றன. பல மாதிரிகளில் பெற்றோல் தாங்கியும் வலப்புற ஆசனத்தின் கீழேயே உள்ளது.

எல்லாவற்றிலும் கவனம் கோருவது சாரதியின் காலடி. இரண்டாம் வரிசை வண்டிகளில் சிவப்புக் குமிழுள்ள நெம்புகோல் தாழ்வேகத்துக்குரியது. மஞ்சட் குமிழைக் கீழே அமுக்கினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். விரிப்பு அவற்றை நெருக்கினால் அவை முழுதாக விழமாட்டா; ஆதலால் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுக. விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் பொத்தானும் பழைய மாதிரிகளில் இடக்காலின் அருகே தளத்திலேயே இருக்கிறது. மூடுபனியில் உயர்ந்த ஒளி வெண்சுவராய்த் திரும்பி வந்து கண்ணை மறைக்கும். அந்நேரத்திற் பொத்தானைக் கால் தேடி அலையலாகாது. பிரேக்கையும், கிளட்சையும், வேகமிதியையும் வண்டி நிற்கும்போதே பலமுறை முழுதாக மிதித்து, விரிப்பின் விளிம்பு அவற்றைத் தொடுகிறதா என்று சோதித்தல் இன்றியமையாதது. சுருண்ட விளிம்பில் வேகமிதி சிக்கினால் மலைச்சரிவில் வரக்கூடிய விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் வாரம் ஒருமுறை பொத்தான்களைக் கழற்றி, விரிப்பைத் தூக்கிக் கொடியிற் போட்டு, தளத்தைக் கையால் தடவிப் பார்த்தால் போதும். தென்மேற்குப் பருவமழை பொழியும் மாதங்களில் இதனை இருமுறை செய்வது நன்று. எளிதில் எடுக்கக்கூடிய விரிப்பே இவ்வண்டிக்கு ஏற்ற விரிப்பு. இத்தனை ஆண்டு மழையைத் தாங்கிய தளம் இன்னும் பல ஆண்டு தாங்குவதும், அதன்மேல் அமர்ந்து மலையிறங்குவோர் நலமாக வீடு சேர்வதும், அவ்வாரத்துக்கொரு பார்வையிலேயே பெரிதும் தங்கியுள்ளன.