சாணத்தில் எரியும் அடுப்பு

திருத்தணி, மணவூர்ப் பக்கம் நாலைந்து மாடு கட்டியிருப்பவர்களுக்கு முக்கியமான தகவல் இது.

சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு கூட்டம் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேன் என்னும் எரிவாயுவாக்கும். இந்த இரண்டாவது கூட்டத்துக்குக் காற்றுப் பட்டால் ஆகாது. 35 டிகிரி சூடு ரொம்பப் பிடிக்கும். திருத்தணி வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். நாலைந்து மாட்டுச் சாணத்தில் ஒரு குடும்பத்துச் சமையல் நடந்துவிடும்.

சாணம்தான் வேண்டும் என்பதுமில்லை. புனேயில் ஆனந்த் கார்வேயின் ‘ஆர்த்தி’ நிறுவனம், மிச்சச் சோற்றிலும் வீணான மாவிலும் இயங்கும் சிறிய தொட்டியை உருவாக்கி, 2006-ல் ஆஷ்டன் விருது பெற்றது. கோயம்பேடு சந்தையில் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க ஆலையே கட்டினார்கள்.

வாயு போன பிறகு மிஞ்சும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கும். வயலுக்கு நல்ல எரு.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் பூக்காவடிப் பூவும் வாழை இலையும் குவியுமே, அவற்றையும் இந்த வழிக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் ஊர்க் கிராம சபையில் இதைக் கேளுங்கள்.