ஒலுவில் கரையில் 'நெஞ்சம் மறப்பதில்லை'

நடுவர் அவர்களே, துறைமுகத்துக் காற்றில் வந்து குந்தியிருக்கும் என் ஊர்ச் சனங்களே!

எனக்கு முன் பேசிய தம்பி, இயக்குநர் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார். மறுபிறவிக் கதை, நம்மட மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்றார். மெய்தான். நமக்கு மறுமை உண்டு, மறுபிறவி இல்லை. 1963இல் படம் வந்த காலத்தில் என் மூத்தம்மாவும் அப்படித்தான் நம்பினா. ஆனால் இலங்கை வானொலியில் பி.பி.ஸ்ரீநிவாசும் சுசீலாவும் படத்தின் தலைப்புப் பாட்டைத் தொடங்கினால், பாய் பின்னும் அவட கை அப்படியே நின்றுவிடும்.

ஏன் நின்றது? படத்தைப் பாருங்கள். நாயகன் கல்யாண்குமார் நண்பனின் ஊருக்குப் போகிறான். அங்கே பாழடைந்த ஒரு மாளிகை. கால் தானாக உள்ளே போகிறது. முற்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். ஏழைப் பெண் கண்ணம்மாவை விரும்பினான். தகப்பனே அந்தக் காதலைக் கொன்றார். நம்பியார் நடித்த அந்தத் தகப்பன் நூறு வயது தாண்டியும் சாகாமல் அதே வெறியோடு இருக்கிறார். காதல் மட்டுமா மறக்கவில்லை? கொடுமையும் மறக்கவில்லை! கடைசித் துரத்தல் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒளிப்பதிவாளர் வின்சென்ட்டின் கேமரா அந்தச் சுவர்களைத் தடவிப் போகும்போது, காதலைவிட அந்த வீடுதான் என்னோடு பேசுகிறது.

அப்படிப் பேசும் இடம் நம்மட கரையிலும் இருக்கிறது. 2013இல் திறந்த இந்த ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைக்கு வடக்கே நடந்து பாருங்கள். கல்லணை மணலை மறித்தது; தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அறுந்தது. தென்னைகள் வேரோடு சரிந்தன. கரைவலை இழுத்த இடம் இன்று தண்ணீர். வயது போன மீனவர் ஒருவரிடம், "காக்கா, உங்கட வாடி எங்க இருந்த?" என்று கேளுங்கள். கடலுக்குள் கையை நீட்டுவார். "அந்தா, அந்த நுரைக்கு அங்கால." பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு நுரை மட்டும்தான் தெரியும். அவருக்குத் தன் மீன்பிடிக் குடிசையான வாடி தெரிகிறது, காயப் போட்ட வலை தெரிகிறது. ஸ்ரீதரின் நாயகன் மாளிகைக்குள் கண்டதும் இப்படி ஒரு காட்சிதான். தம்பி, இதைப் பகற்கனவு என்று அந்தக் காக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?

நடுவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை இங்கேயே ஒரு இரவு திரை கட்டிப் போடுங்கள். வயது போனவர்களை முன்வரிசையில் இருத்துங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, யார் யாருடைய வாடி எங்கெங்கே இருந்தது என்று கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள்.