கோடைப் பயிற்சிக்குத் தேர்வு பெறும் இளந்திறனாளர்கள்

(ஆசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

அறிவாற்றல் ஊரையும் குடும்ப வருவாயையும் பார்த்துப் பிறப்பதில்லை. ஆனால் அது கண்டறியப்படுவது பெரும்பாலும் இவ்விரண்டையும் பொறுத்தே அமைகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுள் ஆற்றல் மிக்கோரைத் தேர்ந்தெடுத்துக் கோடை விடுமுறையில் தனிப் பயிற்சி அளிக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது, இவ்வுண்மையை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

திறன் தேடலின் வரலாறு

திறனுள்ள மாணவரைத் தேடும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1963ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு தில்லியில் மட்டும் பத்து உதவித்தொகைகளுடன் அறிவியல் திறன் தேடல் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே அது நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டு, உதவித்தொகைகள் 350 ஆயின. எழுத்துத் தேர்வு, அறிவியல் பொருள் பற்றிய கட்டுரை, மாணவரே செய்து முடித்த ஆய்வுப் பணியின் அறிக்கை, நேர்முகத் தேர்வு என நான்கு வகையில் அன்று மாணவர் மதிப்பிடப்பட்டனர். தேர்வு பெற்றோர் கல்லூரியில் அடிப்படை அறிவியலைப் பயின்ற காலத்தில், அவர்களுக்கெனக் கோடைப் பள்ளிகளும் நடத்தப்பட்டன.

1976இல் சமூக அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகிய துறைகளும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. உதவித்தொகைகள் 500 ஆக உயர்ந்து, 1983இல் 750 ஆகவும், 2000இல் 1000 ஆகவும் பெருகின. 2021க்குப் பின் இத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டிற்கு மேலாகப் பள்ளிதோறும் அறியப்பட்டிருந்த ஒரு வாயில் இவ்வாறு அடைபட்டதால், எஞ்சிய வாயில்களின் பொறுப்பு மிகுந்துள்ளது.

முகாமில் நிகழ்வது என்ன?

அவ்வாயில்களுள் ஒன்று கணித ஒலிம்பியாட் பயிற்சி முகாம். மண்டலத் தேர்விலும் தேசியத் தேர்விலும் வெற்றி பெறும் மாணவர்கள், மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் கோடையில் நடத்தும் முகாமிற்கு அழைக்கப்படுகின்றனர். அவர்களிலிருந்து அறுவர் கொண்ட அணி உலகப் போட்டிக்குச் செல்கிறது. 1989 முதல் இந்தியா இப்போட்டியில் பங்கு பெற்று வருகிறது. 1996இல் இப்போட்டி மும்பையிலேயே நடைபெற்றது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றிற்கும் இத்தகைய முகாம்கள் உண்டு.

உலகப் போட்டியின் வினாத்தாளில் நாளொன்றுக்கு மூன்றே கணக்குகள். அவற்றைத் தீர்க்க நான்கரை மணி நேரம். இரண்டு நாள் இவ்வாறு நடைபெறும். மூன்று மணி நேரத்தில் முப்பது வினாக்களுக்கு விடை எழுதிப் பழகிய மாணவனுக்கு இது முற்றிலும் புதியதோர் உலகம். இங்கு மனப்பாடம் உதவாது. விரைவும் பெரிதாகப் பயன்படாது. விடை தெரியாத ஒன்றோடு பொறுமையாகப் போராடும் மனமே வேண்டும். தன் பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்த சிறுவன், தன்னையொத்த பலரை முதன்முதலாக அங்கே சந்திக்கிறான். தான் காணாத வழியை மற்றொருவன் கண்டதைக் கேட்டு வியக்கிறான். செருக்கு அடங்கி ஆர்வம் வளர்வதே முகாமின் முதற்பயன் எனலாம்.

மற்றொரு முயற்சி, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2019இல் தொடங்கிய ‘யுவிகா’ என்னும் இளம் விஞ்ஞானியர் திட்டமாகும். மே மாதத்தில் இரண்டு வாரம் மாணவர்கள் விண்வெளி மையங்களில் தங்கி, அறிஞர்களின் உரைகளைக் கேட்டு, ஆய்வுக்கூடங்களைக் கண்டு, சிறு ராக்கெட் மாதிரிகளைத் தாமே செய்து பார்க்கின்றனர். பயணம், உணவு, உறைவிடம் ஆகியவற்றின் செலவை நிறுவனமே ஏற்கிறது. கிராமப் பள்ளியில் பயில்வோருக்குத் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு. பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடைபெறாத இத்திட்டம் 2022இல் மீண்டும் தொடங்கியது.

விடுபட்டோர் யார்?

முதல் ஆண்டில் யுவிகாவிற்கு மாநிலம் ஒன்றிற்கு மூவர் என இடம் ஒதுக்கப்பட்டது. பல கோடி மக்கள் வாழும் மாநிலத்திலிருந்து மூன்று பிள்ளைகள்! எண்ணிக்கை பின்னர் உயர்ந்ததெனினும், நாட்டின் பரப்பை நோக்க அது இன்னும் சிறிதே. எனவே யார் உள்ளே வருகின்றனர் என்பதோடு, யார் வெளியே நின்றுவிடுகின்றனர் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவாகிறது.

தனிப் பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்ட இயலாதவர், அறிவிப்பே எட்டாத ஊரில் இருப்பவர், வயதுக்கு வந்த பெண்ணை வெளியூருக்குத் தனியே அனுப்பத் தயங்கும் வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரே முதலில் விடுபடுவோர். கணித அணிகளில் பெண்கள் மிக அரிதாகவே இடம் பெற்று வந்துள்ளனர். ஐரோப்பிய மகளிர் கணித ஒலிம்பியாடிற்கு 2015 முதல் இந்தியா அணி அனுப்பத் தொடங்கியது இக்குறையை நீக்கும் நல்லதொரு தொடக்கமாகும்.

எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் பெறுவோரையே திறனாளர் எனக் கொள்வதிலும் இடர் உண்டு. 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியதால் அவ்வுதவியை இழந்தார். அன்றைய விதிகளின்படி அம்முடிவு முறையானதே. விதி முறையாக இருந்தும் மேதை ஒருவர் அதன் பிடியில் நழுவினார் என்பதே இங்குக் கருதத்தக்கது. மாணவர் தாமே செய்த ஆய்வுப் பணியையும் நேர்முக உரையாடலையும் மதிப்பிட்ட 1964ஆம் ஆண்டு முறையை இக்காரணம் பற்றியே மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சூன் மாதத்திற்குப் பின்

முகாம் முடிந்து ஊர் திரும்பும் மாணவன் பழைய வகுப்பறைக்கே வருகிறான். அவன் மனத்தில் எழுந்துள்ள வினாக்களைக் கேட்க ஆளில்லையெனில், இரண்டு வார ஒளி இரண்டு மாதத்தில் மங்கிவிடும். திரும்பி வந்தவனைக் கொண்டே பள்ளியில் ஒரு கணிதக் கழகம் அமைக்கலாம். நூலகத்திற்குச் சில நல்ல நூல்களை வாங்கலாம். வாரம் ஒரு கடினமான கணக்கைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைக்கலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒருவன் பெற்ற பயிற்சி ஐம்பது பேருக்குப் பரவுமாயின், அவனுக்காகச் செலவிட்ட பொதுப்பணம் பன்மடங்கு பலன் தரும்.

இங்கே கூடியுள்ள ஆசிரியர்களின் கையில்தான் இத்திட்டங்களின் முதல் வாயில் இருக்கிறது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில், வழக்கத்திற்கு மாறான வினாவைக் கேட்டதற்காக உட்காரச் சொல்லப்பட்ட ஒரு பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். அப்பிள்ளையின் பெயரில் விண்ணப்பத்தை நிரப்புவதும், பெற்றோரைக் கண்டு பேசி இசைவிப்பதும் ஒரு மாலை நேரப் பணியே. அந்த மாலையை ஆசிரியர் ஒருவர் ஒதுக்காவிடில், நாட்டின் எந்தத் தேர்வுக் குழுவும் அப்பிள்ளையைக் கண்டறிய வழியில்லை.