வேளாவேளைக்குப் படியளத்தல்



‘விழிப்பும் உக்கிராணத்துவமும்’ என்று இக்கருத்தரங்கிற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நம் பிரசங்க மேடைகளில் இவ்விரண்டும் தனித்தனியாகவே பேசப்படுகின்றன. விழிப்பு என்றால் இரண்டாம் வருகைக் கூட்டம்; உக்கிராணத்துவம் என்றால் காணிக்கை ஞாயிறு. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இயேசு அவற்றைப் பிரிக்கவில்லை. எஜமான் எந்த ஜாமத்தில் வருவார் என்று அறியாமல் காத்திருக்கும் ஊழியரைப் பற்றிச் சொல்லிவரும்போது, இது எங்களுக்கா எல்லாருக்குமா என்று பேதுரு கேட்கிறார். அக்கேள்விக்குப் பதிலாக வருவதுதான், எஜமானின் வீட்டைப் பொறுப்பேற்ற உக்கிராணக்காரன் கதை. அவன் விழித்திருந்தானா என்பதற்கு அங்கே ஒரே சோதனை: வீட்டாருக்கு வேளாவேளைக்குப் படியளந்தானா? தவறியவன் தூங்கிப்போனதாகக் கதை சொல்லவில்லை. எஜமான் வர நாளாகும் என்று எண்ணி வேலைக்காரரை அடித்தான். தின்று குடித்து வெறித்தான். கணக்குக் கேட்க ஆளில்லை என்ற நினைப்பே அவனைக் கெடுத்தது.

கணக்குக்கு உட்படுவது எப்படி என்பதற்கு, எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் தண்டிய காணிக்கையைப் பாருங்கள். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்ப எடுத்துவைக்கும்படி கொரிந்தியருக்கு எழுதினார். இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் அந்தப் பணிக்கு அனுப்புகிறார். அவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது என்று காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலரே பணத்தைப் பிறர் கண்முன் வைத்தார். சபைக்கூட்டத்தில் ஆண்டுக் கணக்கைக் கேட்பவரை ‘ஆவிக்குரிய சிந்தை இல்லாதவர்’ என்று வாயடைக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பது என்னை மிகவும் வேதனைப்படுத்துகிறது.

நமக்கு வேறு மரபும் உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையில் நின்றது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான வெள்ளாளன்விளை வே. சா. அசரியா 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கிறிஸ்தவக் கொடை பற்றி ஒரு நூலே எழுதினார்.

அத்தகைய ஊழியங்களுக்குப் பின்னால் அடுப்படிகள் இருந்தன. பிடி அரிசி வழக்கமுள்ள வீட்டில், உலைக்கு அரிசி களைவதற்கு முன்பே ஒரு பிடி தனிக் கலயத்துக்குப் போய்விடும். சமைத்து மிஞ்சியதில் எடுப்பதில்லை. ஞாயிறன்று அது கோயிலுக்கு வரும்; அளந்து, விற்று, காசை நோட்டில் பதிவார்கள். அப்படிச் சேர்ந்த காணிக்கையில் வாங்கிய நிலமும் கட்டிய பள்ளியும் இன்று யார் கையில், எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பதும் விழிப்பில் சேர்ந்ததே.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வசன விளக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். சபையின் வரவுசெலவு நோட்டு, சொத்துப் பதிவேடு, மாதம் முடிந்தும் சம்பளம் வராத உபதேசியாரின் வீடு ஆகியவற்றையும் ஆய்வுக்குள் கொண்டுவாருங்கள். விவாத நேரத்தில் பெண்களும் இளைஞரும் கேட்கும் கேள்விகளுக்கு முதலிடம் தருவேன். லூக்கா 12 பற்றிய முதல் கட்டுரையை வாசிக்க, முதல் அமர்வினரை மேடைக்கு அழைக்கிறேன்.