பார்த்து வரைந்தால் பாவமா?



'பார்த்து வரைவது படிப்பா, காப்பியா?' இதுதானே இன்றைய கேள்வி?

நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பிள்ளைக்குப் படம் வரைய ஆசை. ஓவிய வகுப்புக்குப் போகக் காசில்லை. நூலகப் புத்தகத்தில் ஒரு ஜப்பானிய சாமிப் படம் கிடைக்கிறது. வலது பக்கம் பச்சை உடம்போடு காற்றுத்தேவன், காற்றுப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பாய்ந்து வருகிறார். இடது பக்கம் வெள்ளை உடம்போடு இடித்தேவன், முதுகைச் சுற்றி வளையமாக மேளங்கள். நடுவில் ஒன்றுமே இல்லை; வெறும் தங்கம். பிள்ளை மணிலா அட்டையில் கட்டம் போட்டு வரைய உட்காருகிறது.

உடனே வீட்டில் இரண்டு குரல்கள். "காப்பி அடிக்காதே, சொந்தமா வரை" என்கிறான் அண்ணன். "எங்கப்பாவைச் சயாம் ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போனவன் சாமியையா வரையிற?" என்று கேட்கிறார் பாட்டி.

பாட்டியின் கோபம் நியாயமானது. 1942-43இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். அதை எந்த அழகான படமும் மறைக்கக் கூடாது. ஆனால் பாட்டி, இந்தப் படம் அந்தச் சண்டைக்கு 300 ஆண்டு மூத்தது. புத்த சமயத்தோடு சீனம் வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவர்களில் வாயுவும் உண்டு, இந்திரனும் உண்டு. நம் சரஸ்வதிக்கு அங்கே 'பென்சைதென்' என்று பெயர். சாமி சிப்பாயோடு வந்தவர் அல்ல.

இனி அண்ணனுக்குப் பதில். இதை முதலில் வரைந்தவர் சோதாட்சு. கியோத்தோவின் கென்னின்ஜி கோயிலுக்குச் சொந்தமான திரை அது. சுமார் 100 ஆண்டு கழித்து ஓகாதா கோரின் என்ற ஓவியர் அதைக் கோட்டுக்குக் கோடு பார்த்து வரைந்தார். குருவை அவர் கண்ணால் கண்டதில்லை, கோடுதான் குரு. அதிலும் கோரின் கை சும்மா இருக்கவில்லை. மூலத்தில் மேள வளையம் மேல் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். கோரின் அதை முழுதாக உள்ளே கொண்டுவந்தார். இரண்டு தேவர்களையும் ஒருவரை ஒருவர் பார்க்க வைத்தார்.

இன்னொரு 100 ஆண்டு கழித்து சகாய் ஹோய்த்சு வந்தார். கோரினைப் பார்த்து அவரும் வரைந்தார். அதோடு நிற்காமல், 1821 வாக்கில் கோரினுடைய திரையின் பின்புறத்திலேயே சொந்தமாக ஒன்று தீட்டினார். இடித்தேவனுக்குப் பின்னால் மழையில் தலைசாய்ந்த கோடைப் புற்கள். காற்றுத்தேவனுக்குப் பின்னால் காற்றில் அலையும் இலையுதிர்காலச் செடிகள். மேலே தேவர்கள் ஆடினால் கீழே மண்ணில் என்ன நடக்கும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அம்மா போட்ட கோலத்தைப் புள்ளி பிசகாமல் போட்டுப் போட்டுத்தானே மகள் புதுக்கோலம் போடுகிறாள்? யாருடையது என்பதை மறைத்தால்தான் அது திருட்டு. பெயரைச் சொல்லிப் பார்த்து வரைந்தால் அது படிப்பு.

அந்தத் தோட்டத்துப் பிள்ளையும் முன்பக்கம் முழுவதையும் வரையட்டும். பிறகு அட்டையைத் திருப்பட்டும். காற்றுக்கும் இடிக்கும் தோட்டத்தில் அர்த்தமே வேறு. விடியற்காலை மழை பிடித்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பிடித்தால் மங்கில் பாலோடு தண்ணீர். அன்றைய உழைப்பு வீண். அந்த மங்கை வரையட்டும். மழையில் நிற்கும் பால்மரத்தை வரையட்டும். பாட்டியின் அப்பாவை ஏற்றிக்கொண்டு போன அந்தக் காலையையும் வரையட்டும்.

முன்பக்கம் குருவுக்கு. பின்பக்கம் பாட்டிக்கு.