சிறு மீன் வேறு, குஞ்சு மீன் வேறு

(யூபிலி ஆண்டையொட்டிப் பங்கு மன்றத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலிக் கூட்டம் என்றால் கோயிலின் வரலாற்றையும் நம் முன்னோரின் விசுவாசத்தையும் பேசுவது வழக்கம். அவற்றைப் பேச என்னிலும் தகுதியுள்ளவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். ஆகவே நான் மீனைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். கத்தோலிக்கர்களுக்கு இது அந்நியமான பொருள் அல்ல. வெள்ளிக்கிழமைகளும் தவக்காலமும் நம்மை மீன்கடைக்கு அனுப்பிவைக்கும் நாட்கள். ஒறுத்தல் என்று சொல்லி ஆட்டுக்கறியை விட்டுவிட்டு, வஞ்சிரம் வறுவலைத் தேடி அலைகிற நம்முடைய ஒறுத்தலைப் பற்றி இன்றைக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது பங்குத்தந்தை அவர்களின் பிரசங்கத்துக்குரியது.

"நாம் ஏரிக்கரைக்காரர்கள், கடலுக்கும் நமக்கும் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு இருந்த கடற்கரை முழுவதும் அங்கே போய்விட்டது. இன்று நம் மாவட்டத்திற்கு ஒரு முழ நீளக் கடற்கரைகூடக் கிடையாது. ஆனாலும் நம் அடுப்பில் கடல் மீன் கொதிக்கிறது. கடலைப் பாராதவர்கள்தாம் கடலை அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் என்பது என் எண்ணம். கரையில் வாழ்பவனுக்கு மீனின் வயதும் பருவமும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். நமக்கோ அது ஐஸ் பெட்டியில் வந்து, துண்டாகி, பொட்டலமாகிக் கைக்கு வருகிறது.

பொதுச் சொத்தைக் காப்பது பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். குடவோலை என்ற ஒன்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஒன்று ஏரி வாரியம். உறுப்பினர் 6 பேர், பதவிக்காலம் 360 நாள். ஏரி எல்லோருக்கும் உரியது, ஆகவே அதற்குப் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் கண்டுகொண்டது. கடலும் எல்லோருக்கும் உரியதுதான். அதற்கு வாரியம் யார்? சட்டம் போட அரசாங்கம் இருக்கிறது. ஆனால் எந்த மீனைப் பிடித்தால் விலை போகும் என்பதை அரசாங்கம் தீர்மானிப்பதில்லை. அதைக் கடைவாசலில் நின்று நாம் தீர்மானிக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: சிறு மீன் வேறு, குஞ்சு மீன் வேறு.

நெத்திலி விரல் நீளம்தான். காரப்பொடி அதைவிடச் சற்று அகலம். இவை சிறியவை என்றாலும் குழந்தைகள் அல்ல. வளர்ந்து, முட்டையிட்டு, தங்கள் கடமையை முடித்த பெரியவர்கள். மத்தியும் காணாங்கெளுத்தியும் அப்படியே. ஓராண்டு வயதை ஒட்டியே இனத்தைப் பெருக்கத் தொடங்கிவிடுகின்றன. வஞ்சிரத்தின் கதை வேறு. அது முதன்முறை முட்டையிட ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வளர வேண்டும். அந்த அளவு மீன் தராசில் இரண்டு கிலோவுக்கு மேல் நிற்கும். அரைக் கிலோ வஞ்சிரத்தை "சின்னதாக இருக்கிறது, குடும்பத்துக்குப் போதும், விலையும் அடக்கம்" என்று நாம் வாங்கும்போது, ஒரு முறைகூட முட்டையிடாத பிள்ளையை வாங்குகிறோம். முழு மீனைப் பார்க்காதவர்கள் துண்டைப் பாருங்கள். வளையல் அளவுக்கு வட்டமாக இருந்தால் அது குஞ்சு.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. நாம் அதை வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம். வழியில் பறவைக்கூட்டைக் கண்டால், குஞ்சுகளை எடுத்தாலும் தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது என்கிறது அது. தாய் பிழைத்தால் மறுபடியும் கூடு கட்டும். கடலில் கணக்குத் தலைகீழ். ஒரு தாய்மீன் இடும் முட்டைகளுக்குக் கணக்கே இல்லை, ஆனால் அந்தத் தாய் ஆகும்வரை அதை விட்டுவைக்க வேண்டும். கட்டளையின் உட்பொருள் ஒன்றே: உண்ணலாம், வேரறுக்கக் கூடாது.

பால்சுறாவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தாய்மார்கள் என்மேல் கோபப்படக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டுச் செய்து கொடுப்பது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். ஆனால் சுறா மற்ற மீன்களைப் போல லட்சம் முட்டை இடுவதில்லை. நம்மைப் போலவே பல மாதம் வயிற்றில் சுமந்து, ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குட்டி போடுகிறது. நாம் பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று வாங்குவது பெரும்பாலும் அந்தக் குட்டிகளைத்தான். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் அதிலேயே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, மத்தியில் நல்ல எண்ணெய்ச்சத்து இருக்கிறது. பத்தியத்துக்கு எது ஆகும் என்பதை வீட்டுப் பெரியவர்களும் மருத்துவச் சகோதரிகளும் கலந்து பேசட்டும்.

மத்தி என்றதும் அது அள்ள அள்ளக் குறையாது என்று எண்ணிவிடவும் கூடாது. கேரளத்தில் 2012ஆம் ஆண்டு ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021ஆம் ஆண்டு கிடைத்தது 3,300 டன் அளவுதான். கடல்நீர் சூடானதும் இரை குறைந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள் என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். மனிதன் மட்டுமே குற்றவாளி அல்ல. ஆனால் இயற்கை கைவிடும் ஆண்டில் குஞ்சுகளையும் அள்ளினால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால்தான் 1947இல் தொடங்கி இன்று கொச்சியிலிருந்து இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மீனுக்கு மீன் குறைந்தபட்ச நீளம் வகுத்துச் சொன்னது. கேரள அரசு 2015 முதல் அதைச் சட்டமாக்கியது. அங்கே 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பது குற்றம்.

குஞ்சுகள் எப்படிக் கரைக்கு வருகின்றன? கண்ணி நெருங்கிய இழுவலை, அடியில் கிடப்பதையெல்லாம் அரித்துக்கொண்டு வருகிறது. விலை போகாதது கழிவு மீன் என்று ஒதுக்கப்பட்டு, காய்ந்து, கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் மாவாகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் இந்த வீணடிப்பையும் மறவாமல் குறிப்பிட்டிருக்கிறார். ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்பும் மிஞ்சிய துணுக்குகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் என்று யோவான் எழுதுகிறார். அதிசயம் செய்ய வல்லவருக்கே அவ்வளவு கவனம் இருந்தது.

நம் மாநிலத்திலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. கரையை அடுத்த கடல் சிறு படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2001 முதல் ஆண்டுதோறும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளாகி, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய நடக்கிறது. அந்நாட்களில் சிறு படகுக்காரர் மட்டும் கடலுக்குப் போகிறார்கள். மீன் குறையும், விலை ஏறும். நாமோ விலையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு, எங்கோ மேற்குக் கரையிலிருந்து பல நாள் ஐஸில் பயணம் செய்த மீனை வாங்குகிறோம்.

அன்பர்களே, அதே மாதங்களில் நம் ஏரிகளில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நிறைந்த ஏரி சித்திரை வைகாசியில் வற்றுகிறது. விராலும் கெண்டையும் கெளுத்தியும் கரைக்கு வருவது அப்போதுதான். கடல் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஏரி கொடுக்கிறது! இப்படி ஒரு பஞ்சாங்கத்தை இறைவன் நமக்கு எழுதி வைத்திருக்க, தடைக்காலத்தில் நாம் வஞ்சிரம் தேடுவானேன்?

இது ஏதோ புதுக்கருத்து என்று எண்ண வேண்டாம். கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. திருப்பலிக்காக ஏற்பட்ட கட்டுப்பாடு அது. ஆனால் கடலுக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது. கேரளத்தில் மழைக்காலத்து இழுவலைத் தடை 1988இல் வந்தது என்றால், அதற்கு முன் மீனவரோடு குருக்களும் கன்னியரும் தெருவில் இறங்கிப் போராடிய ஆண்டுகள் உண்டு. அருட்தந்தை தாமஸ் கோச்சேரியின் பெயர் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

விற்பனையிலும் நம் திருச்சபைக்கு அனுபவம் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டில் 1970ஆம் ஆண்டளவிலும், பின்னர் கோட்டாறு மறைமாவட்டக் கரையோரங்களிலும், மீனவர் தாங்களே சங்கம் அமைத்துத் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். அதுவரை கடன் கொடுத்த தரகர் வைத்ததுதான் விலை. சங்கம் வந்தபின் விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் போயிற்று, மீதி வீட்டுக்கு வந்தது. அத்தகைய சங்கங்கள் இணைந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. கடனில் முழுகியவன் குஞ்சு என்று பார்த்து வலையை விரிக்க முடியாது. கையில் நாலு காசு நின்றால்தான் மீனை விட்டுப்பிடிக்கும் பொறுமை வரும்.

வாங்குவோருக்குக் கல்வி கொடுப்பது அண்மைக் காலத்து முயற்சி. சென்னையில் 'இன்சீசன் ஃபிஷ்' என்ற பெயரில், கடல்வள ஆய்வாளர் திவ்யா கர்னாடும் அவருடைய தோழர்களும் இந்த மாதம் எந்த மீனை உண்ணலாம், எதை விட்டுவைக்கலாம் என்று வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் சொல்லி வருகிறார்கள். அவர் 2019இல் நெதர்லாந்து நாட்டு விருது ஒன்றும் பெற்றார். பட்டணத்து உணவகத்தில் செய்வதைப் பங்கு மன்றத்தில் செய்ய முடியாதா? நம்மிடம் அன்பியங்கள் இருக்கின்றன, மாதர் சங்கம் இருக்கிறது, ஞாயிறுதோறும் ஒரே இடத்தில் கூடுகிறோம். எந்த வியாபாரிக்கும் கிடைக்காத வசதி இது.

"ஏழைக்கு வஞ்சிரமே எட்டாது, அளவு பார்த்து வாங்குவது பணக்காரர் பேச்சு" என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் நான் வாங்கச் சொல்லும் நெத்திலியும் காரப்பொடியும் மத்தியும் வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு மலிவு. ஏழை ஏற்கெனவே சரியான மீனைத்தான் உண்கிறான். திருந்த வேண்டியவர்கள் விருந்துக்காரர்கள். புதுநன்மை விருந்திலும் கல்யாண விருந்திலும் வஞ்சிரம் வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்கிற எண்ணம் இருக்கிறதே, அதுதான் குஞ்சு வஞ்சிரத்துக்கு எமன். மீன் வாங்கும்போது யாரிடம் வாங்குகிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. சிறு படகில் செவுள்வலையும் தூண்டிலும் கொண்டு பிடித்த மீனை, கரையிலேயே ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கிற பெண்களுக்கு அது எந்தப் படகின் மீன், எப்போது பிடித்தது என்பது தெரியும். ஐஸ் வண்டிக்காரருக்குத் தெரியாது, அவர்மேல் குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் விற்காத மீனைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறித் திரும்புகிற நிலை இருக்கும்வரை அவர்கள் இவ்வளவு தூரம் உள்ளே வரமாட்டார்கள். முன்கூட்டியே இத்தனை கிலோ வேண்டும் என்று உறுதி சொல்லப் பத்து வீடுகள் சேர்ந்தால் போதும், அவர்களுக்குப் பயணச் செலவு கட்டுப்படியாகும்.

எனவே யூபிலியின் நினைவாக மூன்று காரியங்களைப் பேரவையின் முன் வைக்கிறேன். மன்றத்தின் வெளிச்சுவரில் 70 சென்டிமீட்டர் வஞ்சிரத்தையும் 10 சென்டிமீட்டர் மத்தியையும் அசல் அளவில் வர்ணத்தில் தீட்ட வேண்டும். மறைக்கல்வி மாணவர்களே தீட்டலாம், அளவு தவறாமல் இருக்க அடிக்கோலை நான் தருகிறேன். மாதந்தோறும் முதல் ஞாயிறு அந்த மாதத்து மீன்களின் பெயரைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும், தடைக்காலத்தில் ஏரி மீனின் பெயரை. அடுத்ததாக, விருப்பமுள்ள வீடுகளின் பெயரையும் வேண்டிய அளவையும் மாதர் சங்கத் தாய்மார்கள் புதன்கிழமைக்குள் குறித்துக்கொண்டால், கரையிலிருந்து வர இசையும் ஒரு பெண்ணுக்கு வியாழக்கிழமையே தகவல் சொல்லிவிடலாம். பணம் அன்றன்றே கொடுத்துவிட வேண்டும், கடன் கூடாது. குறிப்பேடு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், வாசலருகே மேசையில் இருக்கிறது.