தாய்வழி மண்ணும் தந்தைவழிச் சட்டமும்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இன்று நான் ஒரு தாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்தத் தாய் ஒரு பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். தெமுவான் இனத்துப் பெண்மணி. கணவர் நம் ஆள், பால்மரத் தொழிலாளி. பிள்ளை என் வகுப்பில் படிக்கிறான். பாரத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம். "டீச்சர், பெத்தது நான்தானே, என் இனத்தைப் போடக் கூடாதா?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது ஆசிரியருக்கு அழகல்ல என்பதால், சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. நம் லயத்தில் சிலர் அவர்களைச் 'சக்காய்' என்கிறோம். அது அடிமை என்ற பொருளில் வழங்கிய இழிசொல். நம்மைப் பார்த்து ஒருவன் கூலி என்று சொன்னால் எப்படிச் சுருக்கென்று தைக்கும்? அதேதான். அவர்கள் ஓராங் அஸ்லி, இம்மண்ணின் பூர்வகுடியினர். நாம் கப்பலேறி வருவதற்கு முன்னரே, இந்த ரப்பர் மரம் வருவதற்கு முன்னரே, இங்கே இருந்தவர்கள். நம் நெகிரி செம்பிலானில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தெமுவான் மக்கள்.

அவர்களுக்கென்று தனிச்சட்டம் 1954-இல் வந்தது. அது அவசரகாலம். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்ட காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பூர்வகுடியினர் துணைபோகக் கூடாது என்ற கவலையில், பாதுகாப்பும் கட்டுப்பாடும் கலந்து எழுதிய சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பிறகும் 134-ஆம் சட்டம் என்ற எண்ணோடு நிலைத்துவிட்டது.

அதன் மூன்றாம் பிரிவு, யார் பூர்வகுடி என்று சொல்கிறது. தந்தை பூர்வகுடியாக இருந்து, பிள்ளை அம்மொழியைப் பேசி, அவ்வாழ்க்கை முறையைக் கடைப்பிடித்தால் அவன் பூர்வகுடி. அவனுடைய ஆண்வழிச் சந்ததியும் அப்படியே. தாய் பூர்வகுடியாகவும் தந்தை வேறினமாகவும் இருந்தால்? மொழியும் வாழ்க்கை முறையும் இருந்தால் மட்டும் போதாது, அச்சமூகத்தின் உறுப்பினனாகவே இருந்துவர வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. ஆண்வழிச் சந்ததிக்குச் சொன்னதுபோல், அந்தத் தாய்வழிச் சந்ததிக்கு ஒரு சொல் இல்லை. குழந்தையாகத் தத்தெடுத்த வேற்றினப் பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே நிபந்தனைதான். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையையும் தத்துப்பிள்ளையையும் ஒரே வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள்! தெமுவான் பேச்சோ மலாய்க்கு மிக நெருங்கியது. எது அந்தப் பேச்சு, எது வெறும் மலாய் என்று யார் பரீட்சை வைப்பது? சந்தேகம் வந்தால் அமைச்சர் தீர்மானிப்பார் என்கிறது சட்டம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய 17-ஆம் பிரிவில் ஒரு நல்ல வரி உண்டு. பூர்வகுடி என்ற காரணத்துக்காக மட்டும் எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்காமல் விடக்கூடாது. அடுத்த வரியைப் பாருங்கள். சமயப் பாடத்தில் பிள்ளையை உட்கார வைக்கத் தந்தையின் சம்மதம் வேண்டும். தந்தை இறந்திருந்தால் தாயின் சம்மதம். அப்பன் உயிரோடு இருக்கும்வரை அந்தம்மா பேச்சு எடுபடாது!

இது எந்த மண்ணில் நடக்கிறது என்று பாருங்கள். நம் ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் மலாய்க்காரர்களின் பரம்பரை நிலம் யார் பேரில் இருக்கிறது? பெண்கள் பேரில். அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி அது தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1909-இல், அதற்கென்று தனிச்சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள். அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த மாநிலத்துப் பழைய வரலாறு ஒரு விடை சொல்கிறது. சுமத்திராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்கள் இங்கிருந்த பூர்வகுடிப் பெண்களை மணந்தார்கள். அப்பெண்கள் வழியாகவே மண்ணுக்கு உரிமை பெற்றார்கள். ரெம்பாவின் உண்டாங் பதவிக்கு முறைவைத்து வரும் இரண்டு குலக்கிளைகளில் ஒன்றின் பெயரில் இன்றும் 'ஜாக்குன்' என்ற பூர்வகுடிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூர்வகுடித் தாய் வழியாக வந்தவர்களுக்கு உண்டாங் பதவியே கிடைத்த மாநிலத்தில், இன்றைய பூர்வகுடித் தாய் தன் பிள்ளைக்குத் தன் இனத்தை எழுதலாமா என்று கேட்டு நிற்கிறார்.

நில விவகாரம் நம் தோட்டத்து மக்களுக்கு உடனே புரியும். வேலை இருக்கும்வரை லயத்து வீடு. வேலை போனால் சாமான்களை எடு! 134-ஆம் சட்டத்தின் எட்டாம் பிரிவும் அப்படித்தான். அந்த நிலத்தில் குடியிருக்க விடலாம், ஆனால் 'போ' என்றால் போக வேண்டிய குடித்தனக்காரருக்கு மேலான உரிமை கிடையாது. அங்கே நிற்கும் பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் நஷ்டஈடு உண்டு; மண்ணுக்குக் கொடுப்பது மாநில அரசின் விருப்பம். 1995-இல் நீலாய்-பந்திங் நெடுஞ்சாலைக்காக டிங்கில், புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்தபோது, சாகோங் தாசியும் அவரோடு ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். மண்ணும் அவர்களுடையதே, அதற்கும் உரிய நஷ்டஈடு கொடு என்று 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதை எழுதிய நீதிபதி கோபால் ஸ்ரீராம்.

2009-இல் அரசு ஒரு நிலக்கொள்கை கொண்டுவந்தது. குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் இரண்டிலிருந்து ஆறு ஏக்கர் வரை பட்டா. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஊர் முழுதும் பொதுவாக அனுபவித்த காடு என்னாவது? குடும்பத் தலைவர் என்றால் நம் நாட்டுப் பாரங்களில் யார் பேர் முதலில் விழும் என்று உங்களுக்கே தெரியும். பெதாய் பறித்ததிலும், மூங்கில் வெட்டியதிலும், மூலிகை தேடியதிலும் பெண்களுக்கும் பங்குண்டு. பட்டா ஆண் பேரில். 2010 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் புத்ராஜெயாவுக்குப் போய் இக்கொள்கையை எதிர்த்தார்கள். அவ்வியக்கத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் திஜா யோக் சோப்பில் என்ற செமாய் இனப் பெண்மணி.

திருமணத்தைப் பற்றியும் ஒரு சொல், இது நமக்கும் சேர்த்து. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே திருமணச் சட்டம். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிய வேண்டும்; இரண்டாம் தாரம் கூடாது. நம் பெண்களுக்கு அது பெரிய காவல். ஆனால் தங்கள் வழக்கப்படி மணக்கும் பூர்வகுடியினருக்கு, தாமே விரும்பி இச்சட்டத்தின்கீழ் மணந்தாலன்றி, இது பொருந்தாது. வழக்கத்தை மதிப்பது நல்லதுதான். ஆனால் விரும்பினால் பதியலாம் என்பதையாவது அந்தப் பெண்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டாமா? நம் ஆண்பிள்ளைகளில் பூர்வகுடிப் பெண்ணை மணந்தவர்கள் இருந்தால், ஐயா, தயவுசெய்து பதிவிலாகாவுக்குப் போய்விட்டு வாருங்கள்.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையில் மலேசியா சேர்ந்தது 1995-இல். ஆண் பெண் என்று பேதம் காட்டக் கூடாதென்று அரசியலமைப்பின் எட்டாம் விதியில் 2001-இல் சேர்த்தார்கள். 2007-இல் ஐக்கிய நாட்டுச் சபையின் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கும் நம் நாடு ஆதரவாகக் கை தூக்கியது. மேலே இவ்வளவும் இருக்கிறது. கீழே அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

அந்தத் தாயிடம் நான் படித்த மூன்றாம் பிரிவை மலாயில் விளக்கினேன். மொழி வேண்டும், வாழ்க்கை முறை வேண்டும், சமூகத்தோடு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால், இந்தப் பையன் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது, "வீட்டில் தமிழிலேயே பேசுங்கம்மா, அப்போதுதான் தேறுவான்" என்று அவரிடம் சொன்னவளே நான்தான். அவரும் என் பேச்சைக் கேட்டு, தன் பேச்சை விட்டுவிட்டு, அரைகுறைத் தமிழில் பிள்ளையை வளர்த்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். இப்போது பள்ளி விடுமுறைதோறும் பையனை ஜெலுபுப் பக்கத்திலுள்ள தன் தாய்வீட்டில் விட்டுவிடுகிறார். போன விடுமுறை முடிந்து வந்தவன், பாட்டியிடம் கற்ற தெமுவான் சொற்களைத் தன் நோட்டில் தமிழெழுத்தில் எழுதிவந்து என்னிடம் காட்டினான். முப்பத்திரண்டு சொற்கள் இருந்தன.